தைராய்டு டப்பா

சண்முகவேல் மாத்திரையை மாற்றியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்.

மனைவி ரஞ்சனி முட்டை அறைக்குப் போயிருந்தாள். மகள் யுவஸ்ரீ குளித்துக்கொண்டிருந்தாள். அவர் சமையலறை அலமாரியைத் திறந்து வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தார். உள்ளே இருந்த மாத்திரைகளை ஒரு காகிதத்தில் கொட்டி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். முந்தைய நாள் நாமக்கல்லில் வாங்கிய சத்து மாத்திரைகளை அட்டையிலிருந்து ஒவ்வொன்றாக அழுத்தி டப்பாவுக்குள் விழவைத்தார். இரண்டும் வெள்ளை. இரண்டும் மிளகு அளவுதான். மூடியைத் திருகி இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதவர்போலச் செய்தித்தாளைப் பிரித்தார்.

டப்பாவின் மேல் தைராய்டு மாத்திரையின் பெயர் ஒட்டியிருந்தது. ரஞ்சனிக்குத் தைராய்டு கிடையாது.

மூன்று வருடங்களுக்கு முன் அவளுக்குத் திடீரென்று நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது. கை ஜில்லிட்டுப் போகும், மூச்சு முட்டும், செத்துவிடுவோம் என்று பயந்து அழுவாள். எருமப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் அவர்களுடைய கோழிப்பண்ணையிலிருந்து நாமக்கல்லுக்கு மூன்று முறை காரில் பறந்தார்கள். மூன்று முறையும் இதயத்தில் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். நான்காவதாகப் போனது சேலத்தில் ஒரு மனநல மருத்துவரிடம். அங்கே காத்திருந்த ஒரு மணி நேரமும் சண்முகவேல் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவருக்கு வேர்க்கவில்லை.

மருத்துவர் இரண்டு விதமான மாத்திரைகள் எழுதினார். ஒன்று நீண்ட நாள் சாப்பிட வேண்டியது. மற்றது உடனே படபடப்பை அடக்குவது, சில வாரங்களுக்கு மட்டும். மாதாமாதம் வாருங்கள், இரண்டாவதைப் படிப்படியாகக் குறைத்துவிடலாம் என்று சொன்னார். முதல் மாத்திரை குமட்டுகிறது என்று ரஞ்சனி நிறுத்திவிட்டாள். இரண்டாவது அவளுக்குப் பிடித்துக்கொண்டது. பத்தே நாளில் பழையபடி முட்டை வண்டிக்காரரோடு உடைசலுக்குச் சண்டை போட ஆரம்பித்தாள். அதைக் கேட்டு அன்று சண்முகவேலுக்கு அழுகை வந்தது.

மூன்றாவது மாதம் அந்த மருத்துவமனைப் படியில் எருமப்பட்டித் தீவனக் கடைக்காரர் எதிரில் வந்துவிட்டார். மாடியில் பல் மருத்துவர் இருந்ததால் பல் காட்ட வந்தோம் என்று சண்முகவேல் சமாளித்தார். அதோடு சேலம் போவது நின்றது. பழைய சீட்டைக் காட்டினால் கொடுக்கிற மருந்துக் கடை ஒன்று அவருக்கு அகப்பட்டது. முட்டை விலை விழுந்த ஒரு கோடையில் ரஞ்சனிக்குத் தூக்கம் போயிற்று. அப்போது ஒரு மாத்திரை இரண்டானது. யாரையும் கேட்கவில்லை.

டப்பா யோசனை அவருடையதுதான். தங்கை வீட்டில் காலியாகிக் கிடந்த தைராய்டு டப்பாவை வாங்கிவந்து அதில் போட்டுவைத்தார். தைராய்டு இல்லாத பொம்பளை எந்த ஊட்டுல இருக்குது, யாரும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க என்றார். ரஞ்சனியும் சரி என்றாள். அவளுக்கும் வெட்கம் இருந்தது. யுவஸ்ரீகூட அம்மாவுக்குத் தைராய்டு என்றுதான் இரண்டரை வருடமாக நம்பிக்கொண்டிருந்தாள்.

இப்போது யுவஸ்ரீக்குக் கல்யாணம் கூடி வந்திருந்தது. பையன் சரவணக்குமார் பெங்களூரில் வேலை. அப்பா நவநீதகிருஷ்ணன் மல்லசமுத்திரத்துக்காரர், தோட்டமும் ஆழ்துளைக் கிணறு போடுகிற ஒரு ரிக் வண்டியும் வைத்திருந்தார். அடுத்த திங்கட்கிழமை அவர்கள் வந்து உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்வதாகப் பேச்சு. முந்தின நாளே அவர்கள் வீட்டுப் பெண்கள் நான்கு பேர் வந்து தங்கி, சமையலுக்குக் கூடமாட ஒத்தாசை செய்வார்கள் என்றும் சொல்லியிருந்தார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. இடையில் தரகர் ஒரு செய்தியைக் காதில் போட்டுவிட்டுப் போனார். மாப்பிள்ளை வீட்டார் ஏற்கெனவே ராசிபுரத்தில் ஒரு பெண்ணைப் பேசி விட்டுவிட்டார்களாம். அந்தப் பெண்ணின் அம்மா தூக்க மாத்திரை போடுகிறவளாம். இதையெல்லாம் ரொம்பப் பார்ப்பார்கள், கவனமாக நடந்துகொள்ளுங்கள் என்றார் தரகர்.

அன்றிலிருந்து அந்த வெள்ளை டப்பா சண்முகவேலின் கண்ணை உறுத்த ஆரம்பித்தது. வருகிற பெண்களில் யாராவது தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவளாக இருந்தால்? இது நான் போடுகிற மாத்திரை மாதிரி இல்லையே என்று கேட்டுவிட்டால்?

அவர் யோசித்துக் கண்டுபிடித்த வழி, கோழிப்பண்ணைக்காரர் மட்டுமே கண்டுபிடிக்கக்கூடிய வழி.

பண்ணையில் கோழிக்குச் செருமல் வந்தால் தண்ணீரில் மருந்து கலந்து ஐந்து நாள் கொடுப்பார்கள். ஆறாவது நாள் அப்படியே நிறுத்துவார்கள். அதன்பிறகு ஒரு வாரம் அந்தக் கொட்டகை முட்டையை வியாபாரிக்கு அனுப்பாமல் தனியாக ஒதுக்குவார்கள். மருந்துக்கு மருந்து நாள் கூடும், குறையும் என்றாலும் சண்முகவேலின் பண்ணையில் ஏழு நாள்தான் வழக்கம். ஏழு நாளில் மருந்து உடம்பைவிட்டுப் போய்விடும். கோழி சுத்தம், முட்டை சுத்தம். இருபத்திரண்டு வருடமாக அவர் செய்துவருவது அது. எந்தக் கோழிக்கும் மருந்தைப் பாதி பாதியாகக் குறைத்ததில்லை. எந்தக் கோழியும் அதனால் விழுந்ததில்லை.

ஞாயிறு தொடங்கி அடுத்த ஞாயிறு வந்தால் ஏழு நாள். யார் டப்பாவைத் திறந்து கேட்டாலும், இது வெறும் சத்து மாத்திரை, ரஞ்சனி வேறெதுவும் சாப்பிடுவதில்லை என்று அவர் நிஜமாகவே சொல்லலாம். அவளிடம் முன்கூட்டிச் சொன்னால் பயந்துகொள்வாள். பயத்துக்கே மாத்திரை போடுகிறவளிடம் மாத்திரை இல்லை என்று எப்படிச் சொல்வது? நிச்சயம் முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம். அவளே சிரிப்பாள்.

காகிதப் பொட்டலத்தை மட்டும் அவர் எறியவில்லை. மருந்தை எறிகிற பழக்கம் அவருக்கு இல்லை. தினமும் சட்டை மாற்றும்போது பொட்டலத்தையும் புதிய சட்டைக்கு மாற்றிக்கொண்டார்.

திங்கட்கிழமை ஒன்றும் தெரியவில்லை. செவ்வாய் இரவு ரஞ்சனி தூங்கவில்லை. கல்யாண யோசனை என்று அவளே சொல்லிக்கொண்டாள். புதன்கிழமை அவள் கை நடுங்கியது. பாத்திரம் வைக்கிற சத்தம் காதைக் கிழிக்கிறது என்றாள், வெயிலைப் பார்த்தால் கண் கூசுகிறது என்றாள். சாயங்காலம் உள்ளங்கையில் மாத்திரையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏனுங்க, இது வேற மாதிரி இருக்குதுங்க. நடுவால கோடு இருக்குமே, அதைக் காணோம்."

"கம்பெனி மாத்திப்புட்டானாம். மருந்து அதேதான்" என்றார் சண்முகவேல். பேப்பரிலிருந்து அவர் தலையை எடுக்கவில்லை.

அவள் விழுங்கினாள்.

வியாழக்கிழமை அவள் நிலை இன்னும் மோசம். உடம்பெல்லாம் எறும்பு ஊர்கிறது என்று கையைச் சொறிந்துகொண்டே இருந்தாள். இன்னைக்கு மட்டும் ஒண்ணு கூடப் போட்டுக்கட்டுமா என்று அவரிடம் வந்து நின்றாள். சின்னப் பிள்ளை திருவிழாவுக்குக் காசு கேட்பதுபோல இருந்தது அந்தக் கேள்வி. அவர் எழுந்துபோய் டப்பாவைத் திறந்து இரண்டு சத்து மாத்திரைகளை எடுத்து, சொம்பில் தண்ணீரோடு கொண்டுவந்து கொடுத்தார். குனிந்து கொடுத்தபோது சட்டைப் பையில் பொட்டலம் சரசரத்தது.

நீங்க இருக்கறதாலதாங்க எனக்குத் தைரியம் என்றாள் ரஞ்சனி.

அந்த நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். பின்னாளில் அவர் எத்தனையோ முறை அந்த நிமிடத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டார். சொம்பை வாங்கிக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. நான்கு நாள் போய்விட்டது, இன்னும் மூன்றே நாள் என்று நினைத்ததும் நினைவிருக்கிறது.

வெள்ளிக்கிழமை, சேலத்து டாக்டரிடமே ஒருதரம் போய்வரலாமா என்று அவள் கேட்டாள். திங்கட்கிழமை கழியட்டும், செவ்வாய்க்கிழமை நானே கூட்டிப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் பந்தல்காரரைப் பார்க்கக் கிளம்பினார்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. முட்டை அறையில் ரஞ்சனி அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். வேலைக்காரப் பெண்கள் பேசிக்கொண்டே முட்டையைத் தரம் பிரித்தார்கள். திடீரென்று அவள் கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பியது. கையிலிருந்த அட்டை நழுவியது. பக்கத்து அடுக்கையும் சரித்துக்கொண்டு அவள் தரையில் விழுந்தாள். கைகால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. வாயோரம் ரத்தம் கலந்த நுரை வந்தது. சத்தம் கேட்டுச் சண்முகவேல் ஓடிவந்தபோது, உடைந்த முட்டைகளுக்கு நடுவில் அவள் தலை தரையில் மோதிக்கொண்டிருந்தது. யாரோ இரும்பைக் கையில் கொடுங்கள் என்றார்கள். அவர் சாவிக்கொத்தைத் திணித்தார். அது நழுவி விழுந்தது. அவர் மறுபடி எடுத்துத் திணித்தார்.

அவளுடைய தம்பி குருமூர்த்தி பக்கத்து ஊர். காரைக் கொண்டுவந்தான். அரை மணியில் நாமக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போய்விட்டார்கள். அங்கே ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போதே இரண்டாவது முறை இழுத்தது. ஊசி போட்டு நிறுத்தினார்கள்.

வெளியே வந்த டாக்டர் அம்மாவுக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். வரிசையாகக் கேள்வி கேட்டார். இதற்குமுன் ஃபிட்ஸ் வந்திருக்கிறதா, தலையில் அடிபட்டதா, சர்க்கரை உண்டா. எல்லாவற்றுக்கும் இல்லை என்றார் சண்முகவேல். கடைசியாக, என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று கேட்டார்.

யுவஸ்ரீ கெட்டிக்காரப் பெண். அந்தக் களேபரத்திலும் அலமாரியைத் திறந்து டப்பாவைக் கையோடு எடுத்து வந்திருந்தாள். அதை நீட்டினாள்.

"தைராய்டு மட்டும்தானா?" டாக்டர் சண்முகவேலைப் பார்த்துக் கேட்டார்.

"தைராய்டு மட்டும்தானுங்க."

வாயிலிருந்து வந்துவிட்டது. இரண்டரை வருடமாகச் சொல்லிப் பழகிய வார்த்தை, யோசிப்பதற்குமுன் தானாக வந்து நின்றுகொண்டது. டாக்டர் எழுதிக்கொண்டு உள்ளே போனார்.

சண்முகவேல் நாற்காலியில் உட்கார்ந்தார். போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தார். குருமூர்த்தி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். ஆறடி உயரம். அக்கா என்றால் அவனுக்கு உயிர். மறுபடி உட்கார்ந்தார். ஊசி போட்டுவிட்டார்கள், நின்றுவிட்டது, இனி ஒன்றும் ஆகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மாத்திரை நின்றதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றும் சொல்லிக்கொண்டார். சம்பந்தம் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஐந்து நாளாக ஒவ்வொன்றையும் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர் ஒருவர்தானே.

பதினோரு மணிக்கு நவநீதகிருஷ்ணன் வந்துசேர்ந்தார். யார் சொன்னார்களோ, மல்லசமுத்திரத்திலிருந்து நேரே வந்திருந்தார். சண்முகவேலின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒண்ணும் ஆகாதுங்க, சம்பந்தியம்மா எந்திரிச்சு வந்துருவாங்க என்றார். அந்தக் கையிலிருந்து தன் கையை உருவிக்கொள்ளச் சண்முகவேலுக்கு வழி தெரியவில்லை.

உள்ளே மூன்றாவது முறை இழுத்தது.

டாக்டர் இந்த முறை வேகமாக வந்தார். ரத்தச் சர்க்கரை சரியாக இருக்கிறது, ஸ்கேன் எடுக்கச் சேலத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும், அதுவரை தாங்க வேண்டும் என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, எதையாவது குடித்துவிட்டார்களா, தோட்டத்து மருந்து ஏதாவது, வீட்டில் சண்டை உண்டா என்று கேட்டார்.

குருமூர்த்தி மெதுவாகத் திரும்பி அக்கா புருஷனைப் பார்த்தான்.

அப்போது யுவஸ்ரீ பேசினாள்.

"டாக்டர், நேத்து அம்மா ரொம்பக் கேட்டாங்கன்னு நான் மூணு மாத்திரை எடுத்துக் குடுத்துட்டேன். காலைல ஒண்ணு போட்டிருந்தாங்க. அதுக்கு மேல மூணு. அதனாலயா?"

டாக்டர் டப்பாவை மறுபடி எடுத்துப் பார்த்தார். அளவுக்கு மேல் போயிருந்தால் படபடப்பு கூடும், ரத்தத்தில் பார்த்துவிடலாம் என்று யோசித்தபடி சொன்னார். யுவஸ்ரீ இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நான்தான் குடுத்தேன், நான்தான் குடுத்தேன் என்று விரலிடுக்கில் அழுதாள்.

சண்முகவேல் எழுந்தார்.

"நீ இல்ல சாமி" என்றார் மகளிடம். பிறகு டாக்டரிடம் திரும்பினார். "அது தைராய்டு இல்லீங்க. அவளுக்குத் தைராய்டே கெடையாதுங்க."

பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்துப் பிரித்தார். ஆறு நாள் ஆறு சட்டை மாறியதில் காகிதம் கசங்கி வேர்வையில் பழுப்பேறியிருந்தது. மாத்திரையின் பெயரைச் சொன்னார். டாக்டரின் முகம் மாறியது.

"எத்தனை போடுவாங்க?"

"காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ரெண்டரை வருசமா."

"எப்ப நிறுத்தினாங்க?"

"அவ நிறுத்தலீங்க. நான் நிறுத்தினேன். டப்பாவுல சத்து மாத்திரைய மாத்திப் போட்டுட்டேன். அவளுக்குத் தெரியாதுங்க."

டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டு ஏதோ மருந்தின் பெயரை வேகமாகச் சொன்னார். நர்ஸ் ஓடினாள். தானும் உள்ளே போகத் திரும்பியவர் ஒரு கணம் நின்று, எதற்காக இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். திட்டுகிற குரல் இல்லை. அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை.

சண்முகவேல் சொன்னார். கோழிக்கு மருந்து நிறுத்துவதைச் சொன்னார். ஏழு நாள் முட்டையை ஒதுக்கிவைப்பதைச் சொன்னார். திங்கட்கிழமை நிச்சயம் என்பதைச் சொன்னார். சம்பந்தி நான்கடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மருந்து வாங்க வரிசையில் நின்றவர்களும் கேட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

"இதை டக்குனு நிறுத்தவே கூடாதுங்க ஐயா. மாசக்கணக்குல, கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு டாக்டர் உள்ளே போனார். கதவு ஆடி ஆடி நின்றது.

குருமூர்த்தி அடிப்பான் என்று சண்முகவேல் எதிர்பார்த்தார். அவன் கிட்டே வந்தான்.

"மாமா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றான். அவ்வளவுதான்.

வெளியே வண்டி நிறுத்துகிற இடத்தில், ஒரு ஆம்புலன்சின் நிழலில் அவர் நின்றார். கொஞ்ச நேரத்தில் நவநீதகிருஷ்ணன் வந்தார். சண்முகவேலே ஆரம்பித்தார். உங்களிடம் மறைத்ததற்கு மன்னிக்க வேண்டும் என்றார். மாத்திரை போடுகிறாள் என்று தெரிந்தால் ராசிபுரத்து இடத்தை விட்ட மாதிரி இதையும் விட்டுவிடுவீர்களோ என்று பயந்துபோனேன் என்றார்.

நவநீதகிருஷ்ணன் நெற்றியைச் சுருக்கினார். "ராசிபுரமா? அது ஜாதகம் பொருந்தாம விட்டதுங்க. யார் சொன்னது உங்களுக்கு?"

தரகர் சொன்னதாகச் சண்முகவேல் சொன்னார்.

திங்கட்கிழமை வேண்டாம், சம்பந்தியம்மா முதலில் எழுந்து உட்காரட்டும் என்றார் நவநீதகிருஷ்ணன். அதன்பிறகு உங்கள் பெண்ணிடமே கேட்டுக்கொள்கிறோம் என்றார். கிளம்பப் போனவர் திரும்பினார்.

"மாத்திரை போடறது பெரிய விசயம் இல்லீங்க. ஆனா நீங்க..." அவர் முடிக்கவில்லை. கையை ஒருமுறை அசைத்துவிட்டு வண்டியை நோக்கி நடந்தார். முடித்திருந்தால்கூட இவ்வளவு நாள் காதில் இருந்திருக்காது.

அதன்பிறகு ரஞ்சனிக்கு இழுக்கவில்லை. அவளுக்குச் சேர வேண்டிய மருந்து சேர்ந்துவிட்டது. சாயங்காலம் கண் திறந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் எழுந்து உட்கார்ந்தாள். நாக்கைக் கடித்திருந்ததால் பேச்சு குழறியது. நீங்களே சொல்லிவிடுங்கள், வேறு யாரும் சொல்ல மாட்டோம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். குருமூர்த்தியும் யுவஸ்ரீயும் அறையைவிட்டு வெளியே போனார்கள்.

அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபடியே சொன்னார். உட்காரத் தோன்றவில்லை. அவள் முகத்தைப் பார்க்காமல் சலைன் பாட்டிலைப் பார்த்துச் சொன்னார்.

"நான் கேட்டனே" என்றாள்.

"கேட்ட."

"கோட்டைக் காணோம்னு கேட்டனே."

"ஆமா."

"வியாழக்கிழமை ரெண்டு குடுத்தீங்களே. சொம்புல தண்ணி கொண்டாந்து. அதுவும்...?"

"அதுவும்தான்."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்சம் கழித்து, எனக்குப் பைத்தியம் புடிக்குதுன்னு நெனச்சேன் என்று சுவரிடம் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னாடி பைத்தியம் ஆயிருவேன்னு நெனச்சேன். புள்ளைக்குப் பாரமா இருக்கறதுக்குப் பதிலா போய்ச் சேர்ந்துரலாம்னு வெள்ளிக்கிழமை கெணத்துப் பக்கம் போயிட்டுத் திரும்பி வந்தேன்.

அவள் சத்தம் போடவில்லை. நடந்ததைச் சொன்னாள். சண்முகவேல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவளைத் தொடலாமா என்று கை எழுந்தது. தொடவில்லை. வெள்ளிக்கிழமை அந்த நேரத்தில் தான் பந்தல்காரரிடம் எத்தனை டியூப் லைட் வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தது அவருக்கு ஞாபகம் வந்தது.

நான்காவது நாள் வீட்டுக்கு வந்தார்கள். சேலத்து மருத்துவரிடம் மறுபடி காட்டினார்கள். இந்த முறை ரஞ்சனியோடு போனது யுவஸ்ரீ. அவர் காரிலேயே உட்கார்ந்திருந்தார். வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, வாருங்கள் என்றும் சொல்லவில்லை. மருத்துவர் ஒரு தாளில் மாதவாரியாக எழுதிக் கொடுத்திருந்தார். முதல் மாதம் பழையபடி. அப்புறம் காலையில் முக்கால், அப்புறம் அரை. குறைத்து முடிக்க ஒரு வருடம் ஆகலாம், அவசரமில்லை என்றாராம். இதெல்லாம் யுவஸ்ரீ குருமூர்த்தியிடம் போனில் சொல்லும்போது அவர் காதில் விழுந்தது.

தைராய்டு டப்பா குப்பைக்குப் போயிற்று. மாத்திரை இப்போது அட்டையோடு, சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில், வருகிற போகிற எல்லாருக்கும் தெரிகிற மாதிரி இருந்தது. முட்டை பொறுக்கும் பெண்கள்கூடக் கேட்டார்கள். பதட்டத்துக்கு என்று ரஞ்சனி சொன்னாள். அதிலொருத்தி, எங்க நாத்தனாரும் போடறாங்கக்கா என்று சொல்லிவிட்டு அட்டை அடுக்கப் போய்விட்டாள். சண்முகவேல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். இவ்வளவுதானா? இதற்காகவா?

யுவஸ்ரீ அவரிடம் பேசாமல் இல்லை. சாப்பாடு வெச்சிருக்குது என்பாள். வண்டிச் சாவி எங்க என்பாள். அப்பா என்று கூப்பிடுவதை மட்டும் விட்டிருந்தாள்.

ஐந்து வாரம் கழித்து ஒரு நாள் நவநீதகிருஷ்ணனும் அவர் மனைவியும் வந்தார்கள். சரவணக்குமாரும் யுவஸ்ரீயும் போனில் பேசி, தை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று அவர்களே முடிவு செய்திருந்தார்கள். பெரியவர்கள் ஒப்புக்கு வந்து காபி குடித்தார்கள். முட்டை விலை, ரிக் வண்டிக்கு ஆள் கிடைக்காத தொல்லை என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது.

மணி ஆறானது. ரஞ்சனி எழுந்து சமையலறைக்குப் போய் அட்டையை எடுத்துக்கொண்டு கூடத்துக்கே வந்தாள். ஒரு மாத்திரையை அழுத்தி உள்ளங்கையில் போட்டாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையின் பின்பக்கம் இருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு மாத்திரையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். நடுவில் கோடு இருக்கிறதா என்று பார்க்கிறாள். மருத்துவமனையிலிருந்து வந்த நாள் முதல் காலையும் மாலையும் இதைச் செய்கிறாள். ஒருநாளும் விட்டதில்லை. நவநீதகிருஷ்ணனின் மனைவி புரிந்துகொண்டவள்போலக் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பழக்கதோஷத்தில் சண்முகவேல் பாதி எழுந்து தண்ணீர்ச் சொம்பை நோக்கிக் கையை நீட்டினார்.

"இருக்கட்டுமுங்க. நானே எடுத்துக்கறேன்" என்றாள் ரஞ்சனி.

அவர் உட்கார்ந்தார். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். அவள் தண்ணீர் ஊற்றிக் குடிக்கிற சத்தம் கேட்டது. முட்டை விலை என்ன சொன்னீங்க என்று நவநீதகிருஷ்ணன் கேட்டார். அவர் சொன்னார்.